பிரஜை என்ற பெயரும் பிரித்து வைத்த இடாப்பும்

(இலங்கையில் மாத்தளைக்கு அருகேயுள்ள நாலந்தாவில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பனிட்ட வடிவம். பேச்சின் நடுவே சொன்ன கிளைச் செய்திகள் சில குறைக்கப்பட்டுள்ளன.)



பழைய ரோமில் பிரஜைகளுக்கு இடையே இருந்த சட்ட உரிமை வேறுபாடுகளைப் பற்றிப் பேசும்படி என்னை அழைத்தார்கள். அந்தப் பொருளை நாலந்தாவில் நின்றுகொண்டு பேசுவதாக இருந்தால் ரோமை மட்டும் பேசிவிட்டு இறங்க எனக்கு மனம் வரவில்லை. காரணம் இந்த ஊர் வழியாகப் போகும் வீதிதான். இன்று அதை ஏ-9 என்கிறோம். 19ஆம் நூற்றாண்டில் கண்டிச் சீமையின் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, தம்புள்ளையைக் கடந்து, நாலந்தா வழியாக மாத்தளையை அடைந்தார்கள். தண்ணீர் இல்லாமலும் வாந்திபேதியாலும் வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். 2023இல் மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்களும் அந்தப் பழைய பாதையைத்தான் பின்பற்றினார்கள்.

இதே ஊரில் கெடிகே இருக்கிறது. பல்லவர் பாணியில் கட்டிய பௌத்தக் கற்கோயில். போவதென்ன நீர்த்தேக்கம் அமைந்தபோது அது நீரில் மூழ்கும் நிலை வந்தது. 1970களின் பிற்பகுதியில் அதைக் கல் கல்லாகப் பிரித்து மேட்டில் மீண்டும் எழுப்பினார்கள். அருமையான பணி, செய்தவர்களை வணங்குகிறேன். அதே ஆண்டுகளில்தான் இந்த மலைகளில் பிறந்து வளர்ந்த குடும்பங்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்கிக்கொண்டிருந்தன. இந்த இரண்டும் ஒரே காலத்தில் நடந்தன என்பதை மாணவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

என் வாதம் ஒன்றுதான். ஓர் அரசு ஒருவரைப் பிரஜை என்று ஏற்றுக்கொண்டதும் சமத்துவம் வந்துவிடுவதில்லை. பிரஜை என்ற பெயரைக் கொடுக்கும் அரசு, அந்தப் பெயர் அவருக்கு எந்த வழியாக வந்தது என்றும் குறித்துக்கொள்கிறது. அந்தக் குறிப்பைப் பெரிய சட்டத்தின் முதற் பக்கத்தில் தேடினால் கிடைக்காது. பொருள்கோடல் பிரிவில் இருக்கும். வாக்காளர் இடாப்பில் இருக்கும். உள்ளூராட்சி எல்லையில் இருக்கும். உரிமை குறைவது அங்கேதான். ரோமிலும் அப்படி நடந்தது, இங்கும் அப்படி நடந்தது.

1. ரோமில் பிரஜைக்குள் பிரஜை

அடிமைக்கு உரிமை இல்லை, அயலாருக்குக் குறைந்த உரிமை என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. நான் கேட்பது பிரஜைகளுக்குள்ளே என்ன நடந்தது என்பதை. கி.மு. 450 அளவில் எழுந்த பன்னிரு பலகைச் சட்டம் பத்ரீசியர் என்ற உயர்குடியினரும் பிளெபியர் என்ற பொதுக் குடியினரும் ஒருவரையொருவர் மணப்பதைத் தடுத்தது. இரு தரப்பாரும் ரோமானியப் பிரஜைகளே. கி.மு. 445இல் கனுலேயுஸ் கொண்டுவந்த சட்டம் அந்தத் தடையை நீக்கியது.

வாக்குரிமையைப் பாருங்கள். உயர் பதவியாளரைத் தேர்ந்தெடுத்த நூற்றணிப் பேரவையில் 193 அணிகள் இருந்தன. ஓர் அணிக்கு ஒரு வாக்கு. குதிரைப்படைக் குடியினருக்கு 18 அணிகள், முதல் சொத்து வகுப்புக்கு 80. இந்த 98 அணிகளும் ஒத்துப்போனால் முடிவு அங்கேயே தீர்ந்துவிடும். சொத்தே இல்லாத ஏழைகள் எத்தனை ஆயிரம் பேர் இருந்தாலும் அவர்களுக்கு ஒரே ஓர் அணி. அவர்களுடைய வாக்கை யாரும் பறிக்கவில்லை. எண்ணும் முறையிலேயே அதன் பெறுமதி போய்விட்டது.

நமக்கு மிக நெருக்கமானது விடுதலை பெற்ற அடிமையின் நிலை. முறைப்படி விடுவிக்கப்பட்ட அடிமை ரோமானியப் பிரஜை ஆனான். பழைய உலகில் அது சாதாரண காரியமல்ல. ஆனால் அரசு உயர் பதவிகளுக்கு அவன் போட்டியிட முடியாது. முன்னாள் எசமானுக்குச் செய்ய வேண்டிய கடமைகள் தொடர்ந்தன. ரோமானிய வாக்காளர் 35 பிரிவுகளாக இருந்தார்கள். விடுதலை பெற்றவர்களைப் பெரும்பாலும் நகரத்துக்குரிய 4 பிரிவுகளுக்குள் மட்டும் சேர்த்தார்கள். விடுதலைக்குப் பின் அவனுக்குப் பிறந்த பிள்ளைக்கு இந்தத் தடைகள் இல்லை. ஒரே வீட்டில் தகப்பன் ஒரு தரப் பிரஜை, பிள்ளை இன்னொரு தரப் பிரஜை. இதை நினைவில் வையுங்கள், மூன்றாம் பகுதியில் திரும்ப வருகிறேன்.

இலங்கை வரலாற்றில் அப்படிப்பட்ட ஒருவர் வருகிறார். செங்கடல் பகுதியில் வரி வசூல் குத்தகை எடுத்திருந்த அன்னியுஸ் பிளோகாமுஸ் என்பவரின் விடுதலை பெற்ற அடிமை, காற்றில் அடிபட்டு இந்தத் தீவுக்கு வந்து சேர்ந்தார் என்று முதலாம் நூற்றாண்டு எழுத்தாளர் பிளினி குறிக்கிறார். அவர் ஆறு மாதம் இங்கே தங்கி மொழியைக் கற்றார். அவரிடமிருந்த ரோம வெள்ளிக் காசுகளில் வெவ்வேறு சக்கரவர்த்திகளின் முகங்கள் இருந்தும் எல்லாம் ஒரே எடையாக இருப்பதைக் கண்டு இந்நாட்டு அரசன் ரோமானியரின் நேர்மையை வியந்தானாம். தூதுக் குழுவும் அனுப்பினானாம். காசின் எடை ஒன்றாக இருந்தது உண்மை. அந்தக் காசைக் கொண்டுவந்தவருக்கு ரோமில் இருந்த மதிப்பு அப்படி இருக்கவில்லை.

2. வாக்காளர், ஆனால் ‘இலங்கையர்’ அல்லர்

நம் நாட்டுக்கு வருவோம். மலையகத் தமிழரின் உரிமைக் கதையை 1948இல் தொடங்குவது வழக்கம். நான் இன்னும் முன்னே போக விரும்புகிறேன், ஏனென்றால் 1948இல் வந்த கருவிகள் எல்லாம் அதற்கு முன்னமே தீட்டப்பட்டவை.

பிரித்தானிய ஆட்சி அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு சர்வஜன வாக்குரிமையைப் பரிந்துரைத்தபோது 5 ஆண்டு வதிவு போதும் என்றது. அதற்கு எதிர்ப்புக் கிளம்பியது. 1931இல் அரசாங்க சபைத் தேர்தல் சட்டம் வந்தபோது இந்நாட்டை நிரந்தர வதிவிடமாகக் கொண்டவர், படிப்பும் சொத்தும் உடையவர், நிரந்தரக் குடியிருப்புச் சான்றிதழ் பெற்றவர் என்று வழிகள் பிரிந்தன. பெரும்பான்மையினருக்கு இயல்பாக வந்த வாக்கைத் தோட்டத் தொழிலாளி நிரூபித்துப் பெற வேண்டியிருந்தது.

1935இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தைச் சட்ட மாணவர்கள் எடுத்துப் படிக்க வேண்டும். வாக்களிக்கத் தகுதி பெற்றவருக்கெல்லாம் அரச காணி கிடைக்கவில்லை. காணி ‘இலங்கையருக்கு’. பொருள்கோடல் பிரிவின்படி இலங்கையர் என்றால் பிறப்பினாலேயே இலங்கை வதிவுரிமை உடையவர். தன் விருப்பத்தால் இந்நாட்டைத் தாயகமாக ஏற்றுக்கொண்டவர், அரசாங்க சபைக்கு வாக்களித்திருந்தாலும், அந்த வரைவிலக்கணத்துக்கு வெளியே நின்றார். அடுத்து 1937–38இல் கிராமச் சங்கத் தேர்தல் விவகாரம் வந்தது. முதலில் இந்தியத் தொழிலாளரை நேரடியாக விலக்கி எழுதினார்கள். எதிர்ப்பு வந்ததும், தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளர் என்று பொதுவாக மாற்றினார்கள். இனத்தின் பெயர் எடுபட்டது. விலக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் அதே மக்கள்தான். இந்த உத்தியை இனிப் பல முறை பார்ப்போம்.

3. ஒரே காம்பறாவில் மூன்று நிலை

1947 பொதுத் தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. 1948 பெப்ரவரி 4இல் சுதந்திரம். அதே ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறி நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. அது பிரஜைகளை வம்சாவழிப் பிரஜை, பதிவுப் பிரஜை என இரு வகையாக்கியது.

அந்தத் திகதிக்கு முன் இந்நாட்டில் பிறந்த ஒருவர் வம்சாவழிப் பிரஜையாவதற்குத் தான் பிறந்ததைக் காட்டினால் போதாது. தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும். அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். திருமணமான பெற்றோரின் பிள்ளைக்குத் தாய் எங்கே பிறந்தாள் என்பது கணக்கில் இல்லை. தாய்வழியாலும் பிரஜாவுரிமை வரும் என்ற திருத்தம் 2003இல்தான் வந்தது.

அடுத்த ஆண்டு இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம். 1946 ஜனவரி 1க்கு முன் இடையறாத வதிவைக் காட்ட வேண்டும்: மணமானவருக்கு 7 ஆண்டு, மற்றவருக்கு 10 ஆண்டு. ஊரில் தாய் இறந்தாள் என்று போய் 12 மாதத்துக்கு மேல் தங்கிவிட்டால் வதிவு அறுந்தது. சீவனத்துக்கு வழி உண்டென்று காட்ட வேண்டும். மனைவியும் உடன் வதிந்ததைக் காட்ட வேண்டும். அதே 1949இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு, பிரஜைகளுக்கே வாக்கு என்றானது. 1952 தேர்தலில் அந்த 7 இடங்களில் ஒன்றுகூட இல்லை.

இதை லயத்தின் ஓர் அறைக்குள், ஒரு காம்பறாவுக்குள், வைத்துப் பார்ப்போம். நான் சொல்வது சட்ட வகுப்பில் போடும் கற்பனைக் கணக்கு. ஆனால் இங்கே பலர் தலையசைப்பதைப் பார்க்கிறேன். தகப்பன் 1908இல் புதுக்கோட்டைப் பக்கம் பிறந்து, கைக்குழந்தையாக மாத்தளைக்கு வந்தவர். மூத்த மகன் 1928இல் தோட்டத்தில் பிறந்தான். இரண்டாமவன் 1944இல். கடைசிப் பிள்ளை 1956இல். தகப்பன் 1951 ஓகஸ்ட் 5 என்ற கடைசி நாளுக்குள் விண்ணப்பித்து, 1955இல் பதிவு பெறுகிறார். அவரோடு விண்ணப்பத்தில் சேர்க்கப்பட்ட இரண்டாமவன் பதிவுப் பிரஜை. 1956இல் பிறந்தவன், பிறந்த நேரத்தில் தகப்பன் பிரஜையாக இருந்ததால், வம்சாவழிப் பிரஜை. மூத்தவன் வயது வந்தவன். அவன் தனியாக விண்ணப்பித்திருக்க வேண்டும். செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் இடையில் ஓர் ஆண்டு அவன் பெயர் இல்லை, விண்ணப்பம் தள்ளுபடி. அவன் நாடற்றவன். அவனுக்குப் பிறக்கும் பிள்ளைகளும் நாடற்றவர்கள். மூன்று பேரும் ஒரே தாயின் பிள்ளைகள், வேலைக்குப் பெயர் கொடுக்கும் ஒரே பெரட்டில் நின்றவர்கள்.

ரோமின் விடுதலை பெற்றவனையும் அவன் பிள்ளையையும் நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். நம் மக்களை அடிமைகளோடு ஒப்பிடுகிறேன் என்று யாரும் கொள்ள வேண்டாம். சட்டம் தகப்பனையும் பிள்ளையையும் பிரித்து அடுக்கிய முறையில்தான் ஒற்றுமை. ஆனால் ரோமில் அடுத்த தலைமுறை மேலே ஏறியது. இங்கே தகப்பன் பதிவு பெறாத வீட்டில் நாடற்ற நிலைதான் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது.

சுமார் 237,000 விண்ணப்பங்கள் போயின. அவற்றில் 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர் அடங்கியிருந்தார்கள். பதிவு கிடைத்தது சுமார் 134,000 பேருக்கு. கிடைத்தவர்களின் உரிமையும் முழுமையாக இருக்கவில்லை. பதிவுப் பிரஜை வெளிநாட்டில் தொடர்ந்து 5 ஆண்டு வசித்தால், சில விதிவிலக்குகள் நீங்கலாக, பிரஜாவுரிமை போய்விடும். வம்சாவழிப் பிரஜைக்கு அந்தப் பயம் இல்லை.

இதை எதிர்த்து வழக்கும் நடந்தது. எந்தச் சமூகத்துக்கும் மற்றவர்க்கு இல்லாத தடையை விதிக்கும் சட்டம் செல்லாது என்று அப்போது நடைமுறையிலிருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29(2)ஆம் பிரிவு சொன்னது. கேகாலைப் பகுதியில் வாக்காளர் இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கக் கோரிய கோடகன் பிள்ளையின் வழக்கு, 1953இல் இலண்டன் கோமறைக் கழகம் வரை போனது. தன் பிரஜைகள் யார் என்று வகுப்பது ஓர் அரசின் இயல்பான வேலை, இந்தச் சட்டங்கள் ஒரு சமூகத்தைக் குறிவைத்தவை என்று காட்டப்படவில்லை என்பது தீர்ப்பின் சாரம். சட்டத்தின் வாசகத்தில் இனத்தின் பெயர் இல்லை என்பது உண்மைதான். ஆனால் பாட்டன் பிறந்த இடத்தைக் கேட்கும் ஒரு சட்டம், கடலைத் தாண்டி வந்தவரின் பேரனிடம் கேட்பதும் பரம்பரையாக இங்கேயே இருந்தவரின் பேரனிடம் கேட்பதும் ஒன்றாகாது. அந்தத் தீர்ப்பு தவறு என்றே நான் கருதுகிறேன்.

4. தனி இடாப்பு

1954 ஜனவரியில் இரு நாட்டுப் பிரதமர்களான நேருவும் சேர் ஜோன் கொத்தலாவலையும் டெல்லியில் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். பதிவுப் பிரஜைகளான இந்திய வம்சாவளியினரைப் 10 ஆண்டுக்குத் தனி வாக்காளர் இடாப்பில் வைப்பது அதில் ஒரு விடயம். அவர்களில் பெரும்பாலானோருக்குத் தாங்கள் வாழும் பகுதியின் மொழி தெரியாது என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. அவர்களுக்கென்று தனியாகச் சில உறுப்பினர்களை ஒதுக்கப் பாராளுமன்றத்தில் சட்டமும் இயற்றப்பட்டது. அது நடைமுறைக்கு வரவில்லை. 1964இல் இரு நாடுகளும் செய்த சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தனி இடாப்பு யோசனை மீண்டும் தலைதூக்கி மீண்டும் கைவிடப்பட்டது.

நடைமுறைக்கு வராத சட்டத்தை ஏன் பேசுகிறேன்? பிரஜையாக ஏற்ற பிறகும் ஒருவரைத் தன் அயலவரோடு சேர்ந்து வாக்களிக்க விடாமல் வைக்கலாம் என்று ஓர் அரசு எண்ணியதற்கு அது எழுத்துச் சான்று. ரோமில் இது இரத்தம் சிந்த வைத்தது. இத்தாலிய நேச நாட்டு மக்கள் கி.மு. 91இல் போர் தொடுத்துப் பிரஜாவுரிமை பெற்றார்கள். உடனே ரோமின் ஆட்சியாளர்கள் புதிய பிரஜைகளைச் சில பிரிவுகளுக்குள் மட்டும் அடைக்கப் பார்த்தார்கள், பெருந்தொகையினரின் வாக்குப் பழைய பிரஜைகளின் வாக்கை மிஞ்சாதபடி. 35 பிரிவுகளிலும் அவர்களைப் பரப்ப வேண்டும் என்று கி.மு. 88இல் சுல்பிசியுஸ் சட்டம் கொண்டுவந்தபோது உள்நாட்டுக் கலகமே மூண்டது.

இன்னொன்று. இங்கே தொகுதிகள் மக்கள்தொகைப்படி பிரிக்கப்பட்டன: 75,000 பேருக்கு ஓர் இடம், அதோடு 1,000 சதுர மைலுக்கு ஓர் இடம். 1959 எல்லை நிர்ணயத்தில் வாக்கில்லாத தோட்ட மக்களும் தலைக்கணக்கில் சேர்க்கப்பட்டார்கள். அவர்கள் இருந்ததால் மலைநாட்டுக்குக் கூடுதல் ஆசனங்கள் கிடைத்தன. அந்த ஆசனங்களுக்கு யார் போவது என்று தீர்மானித்தவர்கள் வேறு. இடாப்பில் இல்லாத மனிதரின் எண்ணிக்கை இன்னொருவரின் வாக்குக்கு எடை கூட்டியது.

5. பெயர் ஒன்றான பிறகு

எண்களைச் சுருக்கமாகச் சொல்லிக் கடக்கிறேன். 1964 ஒக்டோபர் 30இல் செய்த சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் நாடற்றவர்களாகக் கணக்கிடப்பட்டவர்கள் 975,000 பேர்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். அந்த மக்களின் விருப்பத்தைக் கேட்டு இந்தப் பங்கு போடப்படவில்லை. 1986, 1988, 2003 ஆண்டுகளின் சட்டங்களோடு நாடற்ற நிலை ஏறத்தாழ முடிவுக்கு வந்தது.

இதற்கிடையே 1978 அரசியலமைப்பின் 26ஆம் உறுப்புரை ஒரு பெரிய காரியம் செய்தது. பிரஜை என்ற நிலை ஒன்றே. வம்சாவழியால் வந்ததா பதிவால் வந்ததா என்று பார்த்து எந்த நோக்கத்துக்காகவும் வேறுபாடு காட்டக்கூடாது. 30 ஆண்டு போராட்டத்தின் பயன் இது. அதே அரசியலமைப்பின் 14(2)ஆம் உறுப்புரை, வேறு நாட்டுப் பிரஜையாக இல்லாமல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்தவர்களுக்குப் பேச்சுரிமை, நடமாடும் உரிமை போன்றவற்றை 10 ஆண்டுக்கு மட்டும் கொடுத்தது. பேசும் உரிமைக்குத் தவணை வைத்த ஏற்பாடு அது.

கி.பி. 212இல் கரகல்லா சக்கரவர்த்தி பேரரசின் சுதந்திர மக்கள் ஏறத்தாழ எல்லோரையும் பிரஜைகளாக்கினார். வரி வருமானத்துக்காகத்தான் என்று அக்கால வரலாற்றாசிரியர் காசியுஸ் தியோ எழுதினார். ஆனால் அதற்கு முன்பே ரோமச் சட்டத்தில் வேறொரு பிரிவு வேரூன்றிவிட்டது: மேலோர், கீழோர். செனட்டர், குதிரைவீரர் குடி, நகரசபையார், ஓய்வுபெற்ற போர்வீரர் ஆகியோர் மேலோர். ஒரே குற்றத்துக்கு மேலோருக்கு நாடுகடத்தல். கீழோருக்குச் சுரங்க வேலை, சிலுவை, விலங்குகளிடம் எறிதல். ஒரு காலத்தில் ‘நான் ரோமானியப் பிரஜை’ என்ற சொல் கசையடியைத் தடுத்தது. எல்லோரும் பிரஜையானபோது அந்தச் சொல் ஏழையைக் காக்கவில்லை.

இங்கும் பெயர் ஒன்றான பின் வேறுபாடு இடம் மாறியது. 1987இன் பிரதேச சபைச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டக் குடியிருப்பில் வாழ்பவர் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த சபை, அவர் லயத்துக்குப் போகும் பாதையைத் திருத்தவோ தண்ணீர்க் குழாய் போடவோ சபைப் பணத்தைச் செலவிட முடியாமல் இருந்தது. அது தோட்ட நிர்வாகத்தின் நிலம் என்று பதில் வந்தது. 33ஆம் பிரிவின் வாசகம் அதற்கு இடம் கொடுத்தது. 2018இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. அதாவது, வாக்காளராகிப் பிரஜையுமாகிவிட்ட பிறகும் 30 ஆண்டுக்கு மேல் அவர் தன் சபையின் சேவைக்கு வெளியே இருந்தார். எந்த இனத்தின் பெயரும் அந்தப் பிரிவில் இல்லை. 1938இல் கிராமச் சங்கச் சட்டத்திலும் இருக்கவில்லை.

காணி விடயம் இன்னும் முடியவில்லை. தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் காம்பறாவுக்கு உறுதிப்பத்திரம் இல்லை. வீட்டுக்கு இலக்கம் இல்லாமல், கடிதம் தோட்டத்தின் பெயருக்கு வந்து சேரும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. இதற்கெல்லாம் சிறப்புச் சலுகை கேட்க வேண்டியதில்லை. 26ஆம் உறுப்புரை எழுத்தில் சொன்னதைக் காணிச் சட்டமும் உள்ளூராட்சிச் சட்டமும் நடைமுறையில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீடுகளில், டிரங்குப் பெட்டிக்குள், பாட்டன் காலத்துக் கடதாசிகள் இருக்கும்: பிரஜாவுரிமைப் பதிவுச் சான்றிதழ், விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட கடிதம், பற்றுச்சீட்டு, தோட்டப் பாடசாலை இடாப்பின் நகல், இந்தியக் கடவுச்சீட்டு. கறையான் அரித்தது போக மிச்சம் இருப்பதைப் படம் எடுத்து, யாருடையது, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று பின்னால் எழுதி வையுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே அதைக் கேட்டு எழுதுங்கள். நான் மேலே போட்ட கற்பனைக் கணக்கின் இடத்தில் இந்தப் பகுதித் தோட்டங்களின் உண்மைக் கணக்கு வர வேண்டும். அதை எழுத வேண்டியவர்கள் நீங்கள்.